பழைய லேப்டாப்பும் வீட்டு வைஃபையும்

இன்று லேப்டாப் வாங்கப் போகிறவர் யாரும் "இதில் வைஃபை இருக்கிறதா?" என்று கேட்பதில்லை. 2000ஆம் ஆண்டு வாக்கில் நிலைமை வேறு. அப்போது புழக்கத்தில் இருந்த லேப்டாப்கள் பெரும்பாலானவற்றில் அந்த வசதியே கிடையாது. ஆனாலும் கம்பியில்லா இணைப்பு பல வீடுகளுக்குள் நுழைந்தது அந்தப் பழைய லேப்டாப்கள் வழியாகத்தான். பிறகு அதை முன்னேற விடாமல் பிடித்து வைத்ததும் அவைதான்.

1985ல் அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையம் 2.4 கிகாஹெர்ட்ஸ் உள்ளிட்ட சில அலைவரிசைகளை லைசென்ஸ் இல்லாமல் தகவல் அனுப்பப் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டது. மைக்ரோவேவ் அடுப்புகள் இயங்கும் அலைவரிசை அது. கிட்டத்தட்ட புறம்போக்கு நிலம்! கடைகளுக்கு பில் போடும் இயந்திரம் செய்துவந்த என்.சி.ஆர். நிறுவனம், அந்த இயந்திரங்களை ஒயர் இல்லாமல் இணைக்க நெதர்லாந்தில் வேவ்லேன் என்ற கருவியை உருவாக்கியது. அங்கே பணியாற்றிய விக் ஹேய்ஸ் தலைமையிலான குழுதான் 1997ல் 802.11 தரத்தைக் கொண்டுவந்தது. வேகம் நொடிக்கு 2 மெகாபிட். 1999ல் 802.11பி அதை 11 ஆக்கியது. அதே ஆண்டு ஜூலையில் ஸ்டீவ் ஜாப்ஸ், இணையத்தில் இயங்கிக்கொண்டிருந்த ஐபுக்கை மேடையில் ஒரு வளையத்துக்குள் நுழைத்து, ஒயர் இல்லை என்று காட்டினார்.

ஐபுக் வாங்காதவர்களுக்குக் கைகொடுத்தது லேப்டாப்பின் பக்கவாட்டில் இருந்த பிசி கார்டு ஸ்லாட். ஏ.டி.எம். கார்டு அளவுள்ள, கொஞ்சம் தடிமனான வயர்லெஸ் கார்டை அதில் செருகி, சிடியிலிருந்து டிரைவரை ஏற்றி, ரவுட்டரில் கொடுத்த பெயரையும் பத்து இலக்கச் சாவியையும் தட்டினால் வேலை முடிந்தது. அந்தக் கார்டுகளில் பல 16 பிட் வகை என்பதால் விண்டோஸ் 98 ஓடும் பழைய லேப்டாப்பும் இணையத்துக்கு வந்துவிட்டது.

வில்லங்கம் அந்தச் சாவியில் இருந்தது. டபிள்யூ.இ.பி. என்ற அந்தப் பூட்டின் சாவி நீளம் வெறும் 40 பிட். அமெரிக்க ஏற்றுமதிக் கட்டுப்பாடுகளுக்குப் பயந்து வைத்த அளவு. பின்னால் 104 பிட் ஆக்கியும் பயனில்லை. கோளாறு நீளத்தில் இல்லை, அமைப்பிலேயே இருந்தது. 2001ல் ஃப்ளூரர், மான்டின், ஷமீர் மூவரும் அதை நிரூபித்தார்கள் (ஆர்.எஸ்.ஏ. என்பதில் வரும் 'எஸ்' இந்த ஷமீர்தான்). அதே ஆண்டு பூட்டை உடைக்கும் ஏர்ஸ்நார்ட் மென்பொருள் இலவசமாகக் கிடைத்தது. 2007ல் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் ஆய்வாளர்கள் ஒரு நிமிடத்துக்குள் உடைத்துக் காட்டினார்கள்.

அப்படியானால் பூட்டை மாற்ற வேண்டியதுதானே? வலுவான குறியாக்கத்துக்குப் பழைய கார்டுகளின் சிப்பில் சக்தி போதவில்லை. அவற்றைக் குப்பையில் போடச் சொல்ல முடியாது என்பதால், 2003ல் வந்த டபிள்யூ.பி.ஏ. அதே சிப்பில் ஓடும்படி ஒட்டுப்போட்டுச் செய்யப்பட்டது. முழுமையான தீர்வு 2004ல்தான். ஒட்டுப்போட்டதும்கூட, தயாரித்த நிறுவனம் புதிய டிரைவர் வெளியிட்டால்தான் பயன்படும். பல பழைய கார்டுகளுக்கு அது வரவே இல்லை. அன்றைய வீட்டு ரவுட்டர்களில் பொதுவாக ஒரே வலைப்பின்னல், ஒரே பூட்டு. எனவே மூலையில் இருந்த ஒரு பழைய லேப்டாப்புக்காக, புது லேப்டாப் உட்பட வீடு முழுக்கப் பழைய பூட்டிலேயே இருந்தது.

வேகத்திலும் இதே கதை. 2003ல் 54 மெகாபிட் வேகத்துடன் 802.11ஜி வந்தது. ஆனால் ஒரு பழைய 'பி' கார்டு இணைந்தாலே போதும். மற்றவை ஒவ்வொரு முறையும் அதற்குப் புரியும் மொழியில் முன்னறிவிப்பு கொடுத்துவிட்டுத்தான் பேச வேண்டும். எல்லோர் வேகமும் குறையும். சரி, புதுக் கார்டு வாங்கலாம் என்றால், 'ஜி' கார்டுகள் பெரும்பாலும் 32 பிட் கார்டுபஸ் வகை. முனையில் பொன்னிறப் பட்டை இருக்கும். 16 பிட் ஸ்லாட்டில் அது நுழையவே நுழையாது.

2009ல் வந்த 802.11என் தரம் இந்த விட்டுக்கொடுத்தலை நிறுத்தியது. பழைய பூட்டு போட்டிருந்தால் அதன் புதிய வேகம் கிடைக்காது, 54ஐத் தாண்டாது. புது ரவுட்டர் வாங்கிய வீட்டில் முழு வேகம் வேண்டுமானால் பூட்டை மாற்றியாக வேண்டும். மாற்றியதும் பழைய லேப்டாப் துண்டிக்கப்படும். அதில் ஈதர்நெட் துளை இருந்தால், மீண்டும் ஒயர்தான்.