தொடாத நிரலும் உடையும்

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் சர்வரை அமைப்பது முழுக்கக் கைவேலை. டேட்டா சென்டர் குளிரில் ஜாக்கெட் மாட்டிக்கொண்டு, அச்சடித்த பட்டியலில் வரி வரியாக டிக் அடிப்போம். பத்து சர்வரை முடித்தால் பத்தும் பத்து விதமாக இருக்கும்.

அதற்கு மருந்து முன்பே வந்துவிட்டது. 1993-ல் ஓஸ்லோவில் மார்க் பர்ஜஸ் சிஎஃப்எஞ்சினை எழுதினார். சர்வர் எந்த நிலையில் இருக்க வேண்டும் என்று எழுதிவைத்தால், அந்த நிலைக்குக் கொண்டுவருவது அதன் பொறுப்பு. 2005-ல் பப்பெட், 2009-ல் செஃப், 2012-ல் மைக்கேல் டிஹானின் ஆன்சிபிள் எல்லாம் அந்த வழியில் வந்தவைதான். ஆனால் ஒரே வரியில் நூறு சர்வரைத் திருத்த முடிந்தால், ஒரே வரியில் நூறையும் கவிழ்க்கவும் முடியும். அந்தப் பயம்தான் டெஸ்ட் பைப்லைனைக் கொண்டுவந்தது. செஃப்காரர்கள் டெஸ்ட் கிச்சனை வைத்துக்கொண்டார்கள். எங்களைப் போன்ற ஆன்சிபிள்காரர்களுக்கு மாலிக்யூல் கிடைத்தது.

மாலிக்யூல் முதலில் ஒரு புதுக் கன்டெய்னரை எழுப்பும். அதில் நம் ரோலை, அதாவது சர்வர் அமைப்புக்கான நிரல் தொகுப்பை, ஓட்டும். பிறகு அதே ரோலை இன்னொரு முறை ஓட்டும். இந்த இரண்டாம் ஓட்டத்தில் ‘சேஞ்ச்ட்’ கணக்கு பூஜ்யமாக இருக்க வேண்டும். ஒன்று வந்தாலும் ஃபெயில். ஏற்கெனவே சரியாக இருக்கும் சர்வரை மறுபடி ஏன் தொட்டாய் என்று கேட்கிறது அது. கோப்பில் நேரத்தைப் பதிக்கும் வரியும், நிபந்தனை இல்லாமல் ஓடும் ஷெல் கட்டளையும் இங்கேதான் மாட்டும். அப்புறம் சரிபார்ப்பு, கடைசியில் கன்டெய்னர் அழிப்பு.

2018-ல் சிங்கப்பூர் அரசாங்கம் தன் கணினி அமைப்புகளில் பலவற்றை ஐந்தாண்டுகளில் வணிக கிளவுடுக்கு மாற்றப்போவதாக அறிவித்தது. ஞாயிற்றுக்கிழமை இங்கே தேக்காவில் கூடும் எங்கள் கணினிக்காரர் கூட்டத்திலும் அதன் பிறகு கிளவுடை நிரலால் அமைக்கும் டெர்ராஃபார்ம், பைப்லைன் என்றே பேச்சு. எல்லாரும் போடுவதைப் பற்றித்தான் பேசினோம், காப்பதைப் பற்றி அல்ல.

காப்பது எவ்வளவு பெரிய வேலை என்பதை 2020 காட்டியது. ஆன்சிபிள் 2.10 தன் மாட்யூல்களில் பெரும்பாலானவற்றைத் தனித்தனிக் கலெக்‌ஷன்களாகப் பிரித்தது. நவம்பரில் டாக்கர் ஹப் இலவசப் பதிவிறக்கத்துக்கு வரம்பு வைத்தது. அதே மாதம் பைப்லைன்களை ஓட்டித்தரும் டிராவிஸ் சிஐ தன் கட்டண முறையை மாற்ற, பல திறமூலத் திட்டங்கள் கிட்ஹப் ஆக்‌ஷன்ஸுக்குக் குடிபெயர்ந்தன. டிசம்பரில் வந்தது பெரிய அடி: 2029 வரை வரும் என்று நம்பியிருந்த லினக்ஸ் இயங்குதளமான சென்ட்ஓஎஸ் 8-க்கு 2021 டிசம்பர் 31-தான் கடைசி நாள்.

அந்தக் கடைசி நாளுக்கு ஒரு மாதம் கழித்து சென்ட்ஓஎஸ் 8-இன் மென்பொருள் தொகுப்புகள் வழக்கமான முகவரியிலிருந்து காப்பகத்துக்குப் போயின. சீனப் புத்தாண்டு விடுமுறை. மலேசிய எல்லை முழுதாகத் திறக்காத கொரோனா காலம். மார்சிலிங்கில் எங்கள் புளோக்கிலிருந்து பார்த்தால் கடற்பாலம் வெறிச்சென்றிருந்தது. மடிக்கணினியில் வரிசையாகச் சிவப்பு. வாரக்கணக்கில் யாரும் தொடாத ரோல்கள்! எங்கள் நிரல் மாறவில்லை. அது நின்றிருந்த தரை மாறிவிட்டது.

அதிலிருந்து எங்கள் குழுவில் இரண்டு பழக்கம். கன்டெய்னர் படிமம், கலெக்‌ஷன் எல்லாவற்றுக்கும் பதிப்பு எண்ணைக் குறித்து வைக்கிறோம். நிரலில் மாற்றம் இல்லாவிட்டாலும் வாரம் ஒருமுறை, குறித்த பதிப்பிலும் புதுப் பதிப்பிலும் பைப்லைனை ஓட்டுகிறோம். முதலாவது ஃபெயில் ஆனால் அன்றே திருத்துகிறோம். இரண்டாவது மட்டும் ஃபெயில் ஆனால் அடுத்த வார வேலைப் பட்டியலில் ஏறுகிறது. “பைப்லைன்தான் போட்டாச்சே, இன்னும் எதற்கு ஆள்?” என்று கேட்கும் மேலாளரிடம் நான் நீட்டுவதும் அந்தப் பட்டியலைத்தான்.