விபத்துப் பதிவேடுகளும் மனிதக் காரணிகளும்: திருமுல்லைவாயில் தடத்தை முன்வைத்து

இராயபுரத்திலிருந்து வாலாசா வரை 1856ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட தென்னிந்தியாவின் முதல் பயணியர் இருப்புப்பாதை அம்பத்தூர், திருமுல்லைவாயில், ஆவடி ஆகிய ஊர்களின் வழியே மேற்கு நோக்கிச் செல்வது. இன்று புறநகர் மின்தொடர்களும் தொலைதூர வண்டிகளும் அடுத்தடுத்து ஓடும் இத்தடத்தில், தானியங்கிச் சிக்னல் சிவப்பாக இருப்பின் ஓட்டுநர் பகலில் ஒரு நிமிடமும் இரவில் இரண்டு நிமிடமும் நின்று, பின்னர் மிகுந்த எச்சரிக்கையுடன் நகரலாம் என்கிறது விதிநூல். நிலையத்தின் நிறுத்தச் சிக்னலிலோ அதே சிவப்பு முழுத்தடை. ஒரே நிறத்துக்கு இருவேறு பொருள் கொள்ளும் மனம் எந்நேரத்தில், எவ்வகைக் களைப்பில் தடுமாறும் என்பது விதிநூலின் கவலையன்று. அதற்கு விபத்துப் பதிவேடுகளிடமே செல்ல வேண்டும்.

2011ஆம் ஆண்டு செப்டம்பர் 13 இரவு, சென்னைக் கடற்கரையிலிருந்து இத்தடம் வழியாக வேலூர் நோக்கிச் சென்ற மெமு வண்டி, அரக்கோணத்தை அடுத்த சித்தேரி அருகே நின்றிருந்த பயணியர் வண்டியின் பின்புறம் மோதியது. பத்துப் பேர் இறந்தனர். ஓட்டுநர் சிக்னலைக் கடந்தார் என்பதே அன்று முதலில் எழுந்த விளக்கம். அவ்விளக்கம் ‘யார்’ என்ற வினாவுக்கு விடை தருகிறது. ‘ஏன்’ என்ற வினாவைத் தொடுவதேயில்லை.

இந்தியாவில் இவ்வினாவைக் கேட்கும் பொறுப்பு இருப்புப்பாதைப் பாதுகாப்பு ஆணையத்துடையது. வண்டி ஓட்டுபவரே விபத்தை விசாரிப்பது முறையன்று என்ற கருத்தால், பழைய ஆய்வாளர் துறை 1941இல் இரயில்வே வாரியத்திடமிருந்து பிரிக்கப்பட்டது. 1961இல் ஆணையம் என்ற பெயர் பெற்றது. 1967 முதல் வான்போக்குவரத்து அமைச்சின் கீழ் இயங்குகிறது. அமைப்பளவில் இது முன்னோக்கிய ஏற்பாடுதான். ஆனால் விபத்துகளைத் தொகுக்கும் அட்டவணைகள் ‘ஊழியர் தவறு’, ‘பிறர் தவறு’, ‘கருவிக் கோளாறு’, ‘நாசவேலை’ என்றே பகுக்கின்றன. ‘ஊழியர் தவறு’ என்ற கட்டத்துள் விழுந்த நிகழ்வு அத்துடன் ஆய்வுக்கு ஊமையாகிவிடுகிறது.

அக்கட்டத்தைத் திறந்து பார்த்த முன்னோடி ஆய்வு 1947இல் அமெரிக்காவில் நிகழ்ந்தது. பால் ஃபிட்ஸ், ரிச்சர்ட் ஜோன்ஸ் ஆகிய உளவியலாளர்கள், விமானிகள் கருவிகளை இயக்குகையில் செய்த 460 பிழைகளைத் தொகுத்து, அவற்றுட் பல, ஒன்றையொன்று ஒத்த கைப்பிடிகளாலும் அவை அமைந்த இடங்களாலும் விளைந்தவை எனக் காட்டினர். விமானியின் பிழை, வடிவமைப்பின் பிழையாகப் படிக்கப்பட்டது.

1974 டிசம்பர் 1 அன்று வாஷிங்டனை நெருங்கிய டி.டபிள்யூ.ஏ. 514 விமானம் மலையில் மோதி 92 பேர் மாண்டனர். தரையிறங்கு அனுமதிச் சொற்களை விமானிகளும் கட்டுப்பாட்டாளரும் வெவ்வேறாகப் புரிந்துகொண்டதே காரணம். சில வாரங்களுக்கு முன்பு வேறொரு நிறுவனத்தின் விமானம் அதே இடத்தில், அதே குழப்பத்தால் மயிரிழையில் தப்பியிருந்தது. அந்நிறுவனம் தன் விமானிகளை எச்சரித்தது, பிறர் அறியவில்லை. 1976இல் நாசா நடத்தத் தொடங்கிய தன்விருப்ப அறிக்கை முறை இதன் விளைவு. அறிக்கை அளிப்பவர் பெயர் நீக்கப்படும். பெரும்பாலான வேளைகளில் தண்டனையிலிருந்தும் காப்புண்டு. பிரித்தானிய இருப்புப்பாதைத் துறைக்கென 1996இல் ஸ்ட்ராத்கிளைட் பல்கலைக்கழகத்தார் இதையொத்த முறையை உருவாக்கினர்.

இங்கோ நிலை வேறு. சிவப்புச் சிக்னலைக் கடத்தல், உயிரிழப்பு ஏதுமின்றியும், விபத்து வகைகளுள் ஒன்றாகவே எண்ணப்படுகிறது. தண்டனை பணிநீக்கம் வரை செல்லும். வேலையை இழக்கும் அச்சத்திலிருப்பவர், தாம் கண்ணயர்ந்த கணத்தைத் தாமே எழுதித் தருவார் என எதிர்பார்க்க இயலாது. (சித்தேரி விபத்து நிகழ்ந்த மாதத்திலேயே அமைக்கப்பட்ட அனில் ககோட்கர் குழு, விதி வகுப்பதும் வண்டி ஓட்டுவதும் கண்காணிப்பதும் ஒரே வாரியத்தின் கையில் இருப்பதைக் குறைகூறி, தனி ஆணையம் கோரியது.)

2023 ஜூன் 2 அன்று பாலசோரில் சென்னை நோக்கி வந்த கோரமண்டல் விரைவுவண்டி விபத்தில் 290க்கும் மேற்பட்டோர் இறந்தனர். சிக்னல் சுற்றில் தவறாக இணைக்கப்பட்ட கம்பியே காரணம் என்ற ஆணையர் அறிக்கை, 2022 மே மாதத்தில் அதே கோட்டத்தில் இதையொத்த பிழை நேர்ந்ததையும், அப்போதே திருத்தியிருந்தால் இவ்விபத்து நேர்ந்திராது என்பதையும் சுட்டியது. வாஷிங்டனில் 1974இல் நடந்ததும் இதுவே: அறிவு இருந்தது, பயணப்படவில்லை.

சாலைத் தரவுகள் இன்னும் வறியவை. திருமுல்லைவாயிலை ஊடறுக்கும் சென்னை–திருவள்ளூர் நெடுஞ்சாலை போன்றவற்றின் விபத்துகள் முதலில் மாநிலத் தரவுத்தளத்திலும், பின்னர் சென்னை ஐ.ஐ.டி. வடிவமைத்த ஒருங்கிணைந்த தேசியத் தரவுத்தளத்திலும் பதிவாகின்றன. ஆனால் நடுவணரசின் ஆண்டறிக்கையில் சாலை மரணங்களுள் பத்தில் ஏறத்தாழ ஏழு ‘அதிவேகம்’ என்ற ஒற்றைச் சொல்லுள் அடங்கிவிடுகின்றன. இச்சொல் காவலர் நிரப்பும் கட்டமேயன்றி ஆய்வாளர் கண்டடைந்த காரணமன்று.

ஆயினும் ஆணையர் அறிக்கைகள் பயனற்றவையல்ல. குன்சுரு குழு (1962) காலத்திலிருந்து வளர்ந்த உளத்திறன் சோதனை மரபின் தடயங்களை அவற்றில் காணலாம். ஓட்டுநரின் பணிநேரம், முந்தைய ஓய்வு, கண்பார்வைச் சோதனை நாள், சிக்னல் எவ்வளவு தொலைவிலிருந்து தென்பட்டது என்பன அவற்றின் உரைநடையில் சிதறிக் கிடக்கின்றன. அட்டவணை ஏறாத இச்செய்திகளை ஓர் ஆய்வாளர் அறிக்கை அறிக்கையாகப் படித்து, கையால் பிரித்தெடுத்தாக வேண்டும்.