மோட்டார் ஹோம்: குளிர்கால நிறுத்தம்

மோட்டார் ஹோம் என்பது சமையலறை, படுக்கை, குளியலறை, கழிப்பறை முதலிய சகல சௌகரியங்களும் ஒரே மோட்டார் வாகனத்துக்குள் அமைந்த பிரயாண வீடு. அயோவா மாகாணத்துப் பாரஸ்ட் சிட்டியில் வின்னபேகோ கம்பெனி 1966-ஆம் ஆண்டில் இவற்றைத் தொழிற்சாலைத் தொடர்முறையில் உற்பத்தி செய்து, நடுத்தர வருமானக் குடும்பங்களுக்கும் எட்டும் விலைக்குக் கொண்டுவந்த பிறகே அமெரிக்காவில் இவ்வாகனம் பெருவாரியாகப் பரவிற்று. அந்நாட்டின் வடபகுதியிலும் கானடாவிலும் வசிப்போரில் சிலர் குளிர் தொடங்கியதும் இதிலேயே ஏறி அரிஸோனாவுக்கோ பிளாரிடாவுக்கோ போய்விடுகிறார்கள்; போகாதவர்களோ அக்டோபர் வாக்கில் வண்டியை நிறுத்தினால் வசந்தம் வரையில் அதைத் தொடுவதில்லை. ஓடும் நாட்களைக் காட்டிலும் சும்மா கிடக்கும் அந்த மாதங்களில்தான் இதற்குச் சேதம் அதிகம். அந்தச் சேதத்தில் பெரும்பங்கு ஜலத்தால் விளைவது.

ஜலம் உறையும்போது அதன் கன அளவு ஏறக்குறைய 9 சதவிகிதம் பெருகுகிறது. குளிர்காலம் முழுவதும் கணப்பு எரியும் வீட்டில் இதனால் தொல்லையில்லை. ஆனால் உஷ்ணமே இல்லாத வாகனத்தில், மெல்லிய தரைப் பலகைக்கடியில் ஓடும் குழாய்களிலும், பம்பின் உள்ளறையிலும், திருகுகுழாயின் வளைவிலும் தங்கிப்போன சிறிதளவு நீரே அவற்றைப் பிளந்துவிடப் போதும். வசந்தத்தில் மறுபடி நீர் நிரப்பும்போதுதான் பிளவு வெளிப்படுவதால், கண்டுபிடிப்பதற்குள் சுவர்ப் பலகையும் நனைந்து ஊறிவிடுகிறது.

ஆகையால் முதற்காரியம் நீரை முற்றிலும் வெளியேற்றுவது. கழிவுநீர்த் தொட்டிகள் இரண்டையும் அதற்கென ஏற்பட்ட கழிவிடத்தில் காலிசெய்து கழுவிய பின், நன்னீர்த் தொட்டியையும் குழாய்களின் தாழ்ந்த முனைகளையும் திறந்துவிட வேண்டும். வெந்நீர்க் கொதிகலனை அணைத்து, ஆறவைத்து, உள்ளழுத்தத்தைப் போக்கிய பிறகே அதன் அடைப்பைக் கழற்றலாம். சூட்டோடு கழற்றுவது அபாயம். எஃகுக் கொதிகலன்கள் பலவற்றில் இவ்வடைப்போடு மக்னீஸியத் தண்டு ஒன்று இணைந்திருக்கும். தொட்டி அரிபடாதபடி அதற்குப் பதிலாகத் தானே அரிபட்டுப்போவது அதன் வேலையாதலால், பெரும்பகுதி கரைந்திருந்தால் புதிதாக மாற்ற இதுவே நல்ல தருணம்.

இவ்வளவு செய்தும் குழாய்களில் மிச்சம் நிற்கும். மிதமான அழுத்தமுள்ள காற்றைச் செலுத்தி அதை ஊதி வெளியேற்றுவாரும் உண்டு. புரோப்பிலீன் கிளைகால் கலந்த ரோஸ் நிற உறைதடுப்புத் திரவத்தைப் பம்பினால் இழுத்து நிரப்புவாரும் உண்டு. பின்னதே அதிக நிச்சயமான முறை. திரவம் வீணாகாமலிருக்கக் கொதிகலனைப் பைபாஸ் வால்வினால் விலக்கிவிட்டு, வெந்நீர்க் குழாயும் தண்ணீர்க் குழாயும் ஒவ்வொன்றாக ரோஸ் நிறம் கக்கும் வரையில் திறந்து மூட வேண்டும். கழிப்பறை வால்வும் வெளிப்புற ஷவரும்தான் வழக்கமாக மறந்துபோகிறவை. கழிநீர் வளைவுகளிலும் ஒரு கோப்பை ஊற்றினால் காரியம் முடிந்தது. மோட்டார் எஞ்சினுக்கு வழக்கமாக ஊற்றும் எதிலீன் கிளைகால் விஷமாதலால், குடிநீர் ஓடும் குழாய்களில் அதை ஒருபோதும் உபயோகிக்கலாகாது. புட்டியின்மீது காணும் உஷ்ணநிலை எண்ணைக் கண்டும் ஏமாறக் கூடாது: அது குழாய் வெடியாமல் காக்கும் எல்லையைக் குறிப்பதேயன்றித் திரவம் உறையத் தொடங்கும் நிலையை அன்று, அதற்கு வெகு முன்னரே அது கஞ்சிபோல் குழைந்துவிடும்.

ஈய அமிலப் பாட்டரி பூரணமாக மின்னேற்றம் பெற்றிருந்தால் எப்பேர்ப்பட்ட குளிரையும் தாங்கும். மின்சாரம் வடிந்துபோனால், அமிலம் நீர்த்துவிடுவதால், உறைநிலைக்குச் சற்றே கீழான குளிரிலும் உறைந்து பெட்டி வெடிக்கும். சமையல் வாயுக் கசிவைக் கண்டறியும் கருவி முதலியவை வண்டி நிற்கும்போதும் மின்சாரத்தை உறிஞ்சிக்கொண்டே இருப்பதால், இணைப்பை அறுத்துவைப்பதோ பாட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் வைப்பதோ அவசியம். வாயு உருளையின் வால்வையும் மூடிவிட வேண்டும்.

பெட்ரோலில் கலந்த எதனால் ஈரத்தை ஈர்க்கும் சுபாவமுள்ளது. ஆகவே தொட்டியை நிரப்பி, எரிபொருள் கெடாமல் காக்கும் மருந்தைச் சேர்த்து, அக்கலவை ஜெனரேட்டரின் கார்புரேட்டர் வரையில் போய்ச் சேரும்படி சிறிது நேரம் இயக்கிய பிறகே நிறுத்துவது முறை.

டயர்களோ தேய்ந்து கெடுவதைவிட வயதாகிக் கெடுவதே அதிகம். பக்கச் சுவரில் பொறித்திருக்கும் நான்கு இலக்கங்கள் உற்பத்தியான வாரத்தையும் வருஷத்தையும் காட்டும். 2319 என்றால் 2019-ஆம் வருஷத்து 23-ஆம் வாரம். வெயில் படாதபடி அவற்றை மூடி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து நிறுத்துவர்.

கூரை விளிம்புகளிலுள்ள பூச்சுச் சாந்தில் வெடிப்பிருந்தால் பனி விழுமுன் அடைத்துவிட வேண்டும். வாகனம் முழுவதையும் மூடுவதாயின் காற்றுப் புகும் துணியே உசிதம். தார்ப்பாய் ஈரத்தை உள்ளே சிறைப்படுத்துவதோடு, காற்றில் அடித்துக்கொண்டு வர்ணத்தையும் உரித்துவிடும். குளிர்ப்பெட்டியின் கதவைச் சற்றே திறந்துவைக்காவிடில் பூசணம் பிடிக்கும். எலிக்கு வாசனை உருண்டைகளைப் பலர் சிபாரிசு செய்தாலும், உணவுப் பொருள்களை அகற்றி, துவாரங்களை எஃகுக் கம்பிச் சுருளால் அடைப்பதே நம்பத்தக்கது.

வசந்தத்தில் ரோஸ் நிறம் போகும் வரையில் குழாய்களை அலசி, குளோரின் சலவைத் திரவத்தை மிகச் சிறிய அளவில் நீரோடு கலந்து சில மணி நேரம் நிறுத்திவைத்துத் திரும்பவும் அலசுவார்கள். பைபாஸ் வால்வைப் பழைய நிலைக்குத் திருப்பிக் கொதிகலனில் நீர் நிரம்பிய பின்னரே மின்சார விசையைப் போட வேண்டும். வெறும் தொட்டியில் சூடேறும் மின்சுருள் சில விநாடிகளிலேயே கருகிப்போகும்.