நாக விரல்கள்

வகுப்பில் 'நாகம்' என்றதும் பிள்ளைகள் சிரிப்பார்கள். பாம்பல்ல, உலோகம் என்று சொல்லித்தான் நாம் பாடத்தைத் தொடங்குவோம். கூரைத் தகரத்தின் பூச்சு, மின்கலத்தின் உறை, அத்தோடு முடித்துவிடுவோம். ஒரு முளையம் உருவாகும்போது அதே நாகம் செய்யும் வேலையை நாம் சொல்வதே இல்லை. அந்தக் கதையை இன்று சொல்வோம்.

1980களின் முற்பகுதி. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ஆரோன் குளுக்கின் ஆய்வுகூடம். தென்னாபிரிக்காவில் வளர்ந்தவர், 1982இல் இரசாயனவியல் நோபல் பரிசு பெற்றவர். அங்கே ஓர் ஆபிரிக்கத் தவளையின் முட்டைக்கலத்திலிருந்து எடுத்த புரதமொன்றை ஆராய்ந்தார்கள். டீ.என்.ஏ.யில் குறித்த ஓரிடத்தைப் பிடித்து, ஒரு பரம்பரையலகை இயங்கவைக்கும் புரதம் அது. அதில் சுமார் 30 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரே மாதிரியான துண்டு 9 தடவை வந்தது. ஒவ்வொரு துண்டிலும் இரண்டு சிஸ்டீன், இரண்டு ஹிஸ்டிடீன். நான்கும் சேர்ந்து ஒரு நாக அணுவைப் பிடிக்க, அந்தத் துண்டு விரல்போல மடிகிறது. 1985இல் இதை வெளியிட்டார்கள். 'நாக விரல்' என்ற பெயர் பிறகு நிலைத்தது.

அதேவேளை ஜேர்மனியில் வேறொரு கூட்டம் பழ ஈயை ஆராய்ந்துகொண்டிருந்தது. ஒரு பரம்பரையலகு பழுதானால், புழுவின் நெஞ்சுப்பகுதியும் வயிற்றின் முற்பகுதியும் உருவாகாது. அதற்கு 'குருப்பெல்' என்று பெயர். ஜேர்மன் மொழியில் முடவர் என்று பொருள். 1986இல் அதன் வரிசையை வாசித்தபோது, தவளையில் கண்ட அதே விரல்கள் அங்கும் இருந்தன! உடலில் எந்தப் பகுதி எங்கே அமைய வேண்டும் என்பதிலும் நாகம் பிடித்த புரதத்துக்குப் பங்குண்டு என்று தெரியவந்தது.

கதை மனிதனிடமும் வந்தது. விரல்கள் கூடுதலாகவோ ஒட்டியோ பிறக்கும் ஒரு பரம்பரை நிலைக்கு ஜி.எல்.ஐ.3 என்ற பரம்பரையலகின் பழுது காரணம் என 1991இல் கண்டார்கள். அது ஆக்கும் புரதமும் நாக விரல் புரதமே. நம் கைவிரல்களின் எண்ணிக்கையைச் சரியாக வைப்பதில் கண்ணுக்குத் தெரியாத அந்த விரல்களுக்கும் பங்குண்டு.

ஆறு விரலோடு ஒரு பிள்ளை பிறந்தால், "கிரகணத்தில் தாய் வெளியே போனாளா?" என்று கேட்கும் வாய்கள் நம்மிடையே இன்னும் உண்டு. அந்தத் தாய் எந்தக் குற்றமும் செய்யவில்லை. "தவளையையும் ஈயையும் படித்து என்ன பயன், சேர்?" என்று கேட்கும் மாணவனுக்கும் நாம் சொல்லக்கூடிய பதில் இதுதான்.