செய்மதியும் காலடியும்: மறைபெட்டித் தேடலின் வரலாறு குறித்து ஒரு நோக்கு

போர்த்தேவைக்கென ஆக்கப்பட்ட கருவி பொழுதுபோக்காளர் கைக்கு மாறிய கதைகள் வரலாற்றிற் பல. ஆயின், அம்மாற்றம் நிகழ்ந்த நாளையே சுட்டிக் கூறத்தக்கவை மிகச் சிலவாம். ஜியோகாஷிங் என உலகெங்கும் வழங்கும் மறைபெட்டித் தேடல் அச்சிலவற்றுள் ஒன்று. ஒருவர் காட்டிலோ மலைச்சரிவிலோ சிறு பெட்டியொன்றை மறைத்து, அவ்விடத்தின் அகலாங்கு, நெட்டாங்குகளை வெளியிடுவார். மற்றையோர் செய்மதிவழி இடங்காட்டும் கருவியைக் கையிற் கொண்டு, நடந்தும் துவிச்சக்கரவண்டியிலும் சென்று அதனைக் கண்டு, உள்ளிருக்கும் ஏட்டிற் பெயரெழுதி, இருந்தவாறே மீள வைத்துத் திரும்புவர். இது 2000ஆம் ஆண்டிற் பிறந்த விளையாட்டென்பது பொதுக் கருத்து. கருவியை நோக்கின் அது சரியே. ஆட்டத்தை நோக்கின் அதன் வேர் மேலும் ஒன்றரை நூற்றாண்டு பின்னோக்கிச் செல்கின்றது.

இங்கிலாந்தின் தென்மேற்கே டெவன் பகுதியிலுள்ள டாட்மூர், கருங்கற் குன்றுகளும் முற்றா நிலக்கரிச் சேறும் விரவிய மேட்டுநிலம். அதன் வடபாகத்தின் உள்ளே கிறன்மியர் குளம் என்றோர் இடமுண்டு. பெயர்தான் குளம், நீர் வடிந்துபோன வெறும் பள்ளமே அது. அடையாளம் ஏதுமற்ற சேற்றுவெளியின் நடுவே கிடந்தமையால், அதனைச் சென்றடைவதே ஓர் அருஞ்செயலாகக் கருதப்பட்டது. பயணிகளுக்கு வழிகாட்டிப் பிழைத்த சாக்போட் ஊரினரான ஜேம்ஸ் பெறற் 1854இல் அங்கு ஒரு போத்தலை வைத்தார். வந்து சேர்ந்தோர் தம் பெயர்ச்சீட்டை அதனுள் இட்டனர். காலப்போக்கில், தமக்கே முகவரியிட்ட தபாலட்டையை ஒருவர் விட்டுச் செல்ல, அடுத்து வருபவர் அதனை எடுத்துச் சென்று தபாலிற் சேர்க்கும் வழக்கமும் தோன்றியது. அட்டை வீடுவந்து சேர எத்தனை நாள் சென்றதோ, அத்தனை நாள் அவ்விடத்தில் மனிதர் காலடி படவில்லை என்று கொள்ளலாம். இதனினும் எளிய அளவுகோல் வேறில்லை. 1937இல் அங்கு நிலையான கற்பெட்டியே அமைக்கப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மேட்டுநிலமெங்கும் பெட்டிகள் ஆயிரக்கணக்கிற் பெருகின. அப்போதுதான் தொல்லை தொடங்கியது. பண்டைய கல்வரிசைகளிலும் கற்குவைகளிலும் கல்மதில்களிலும் பெட்டி வைக்கலாகாது, சீமெந்து பூசலாகாது என்று தேடுவோரிடையே ஒழுக்கவிதிகள் வகுக்கப்பட்டமை நோக்கற்பாலது.

கருவியின் கதை வேறு. ஐக்கிய அமெரிக்கா தன் படைத்தேவைக்கென 1978 முதல் இடங்காட்டும் செய்மதிகளை ஏவிவந்தது. 1983 செப்டெம்பர் 1ஆந் திகதி, வழி தவறிச் சோவியத் வான்வெளியிற் புகுந்த தென்கொரியப் பயணிகள் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டு 269 பேர் மாண்டனர். அதன்பின்னரே இச்செய்மதித் தொகுதியைப் பொதுமக்கள் விமானங்களும் பயன்படுத்தலாமெனச் சனாதிபதி றீகனின் அரசு அறிவித்தது. எனினும், பொதுமக்களுக்குக் கிட்டிய சமிக்ஞையில் வேண்டுமென்றே வழு கலக்கப்பட்டிருந்தது. அது 100 மீற்றர் வரை இருந்தது. கடலிற் செல்லும் கப்பலுக்கு இவ்வழு ஒரு பொருட்டன்று. காட்டில் நிற்பவனுக்கோ, 100 மீற்றர் ஆரையுள்ள வட்டமென்பது 31,000 சதுர மீற்றருக்கு மேற்பட்ட நிலம். அதனுள் ஒரு வாளியைத் தேடுதல் வைக்கோற்போரில் ஊசி தேடுதலே. 2000 மே 1ஆந் திகதி சனாதிபதி கிளின்ரனின் அறிவித்தலோடு அவ்வழு நீக்கப்பட்டது. வழு ஏறத்தாழப் பத்திலொன்றாகக் குறைய, தேடவேண்டிய பரப்பு நூறிலொன்றாகச் சுருங்கியது.

மே 3ஆந் திகதியே ஒறிகன் மாநிலத்தின் பீவர்கிறீக் அருகே டேவ் அல்மர் என்னும் கணினி ஆலோசகர் கரிய வாளியொன்றைக் காட்டோரம் பாதி புதைத்து வைத்து, அதன் அமைவிடத்தை ஆர்வலர்க்கு அறிவித்தார். நூல்கள், ஒளிநாடாக்கள், சிறிது பணம், ஒரு கவண், தகரத்திலடைத்த அவரை என்பன அதனுள் இருந்தன. சில நாளுள்ளே மைக் ரீக் என்பவர் அதனை முதலிற் கண்டெடுத்தார். அம்மாத இறுதியில் மற் ஸ்ரம் என்பவர் ‘ஜியோகாஷிங்’ என்ற பெயரை முன்மொழிந்தார். மறைத்தலைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லின் வழிவந்தது அது. செப்டெம்பரில் உலகில் அறியப்பட்டிருந்த பெட்டிகள் 75. பின்னர் அத்தொகை முப்பது இலட்சத்தைத் தாண்டியது.

பெட்டி ஒவ்வொன்றுக்கும் நிலத்தின் கடுமை 1 முதல் 5 வரை தரப்படுத்தப்படுகின்றது. எட்டாத இடத்தை நாடுவோரே இவ்வாட்டத்திற்கு உயிரூட்டினர் எனலாம். வாஷிங்ரன் மாநிலத்தின் ஸ்னோகுவால்மி கணவாய் இதற்குத் தக்க சான்று. அங்கு 1980இற் கைவிடப்பட்ட புகையிரதப் பாதையொன்று நடப்போர்க்கும் துவிச்சக்கரவண்டியோர்க்கும் உரிய வழியாயிற்று. அவ்வழியில் மூன்றரைக் கிலோமீற்றருக்கு மேல் நீளும் இருண்ட சுரங்கமொன்றுண்டு. அதன் மேற்கு வாயிலுக்கு அப்பால், காட்டுச் சரிவில், 2001இல் ஒரு திரைப்பட விளம்பரத்தின் பொருட்டு மறைபெட்டி வைக்கப்பட்டது. கைவிளக்கோடு அவ்விருளைக் கடந்து, மறுபுறம் வண்டியை நிறுத்திவிட்டுச் சரிவேறிச் சென்றவர் பலர். சுரங்கத்தினுள் செய்மதியின் சமிக்ஞை எட்டாது. அடர்ந்த மரக்கவிகையின் கீழும் அது தடுமாறும்.

இங்கேதான் சிக்கல் எழுகின்றது. இறுதிச் சில மீற்றரிற் கருவி கைவிட, கண்ணும் கையும் தேடத் தொடங்குகின்றன. கற்கள் புரட்டப்படுகின்றன, பாசி மிதிபடுகின்றது, உக்கிய மரங்கள் பிளக்கப்படுகின்றன. ஒருவர் தேடியதனால் விளையும் சேதம் சிறிதே. நூறுபேர் தேடியபின்னரோ, பெட்டியை நோக்கி ஒரு புதிய ஒற்றையடிப்பாதை உருவாகிவிடுகிறது. அடுத்து வருபவருக்குக் கருவியே வேண்டியதில்லை. அமெரிக்கத் தேசியப் பூங்காச் சேவை இத்தகைய பெட்டிகளைக் கைவிடப்பட்ட பொருள்களாகக் கொண்டு தன் நிலங்களில் அனுமதிக்க மறுத்தது. ஆர்வலரிற் பலர் இதனை அதிகாரக் கடுமை என்றனர். ஆயினும், டாட்மூரின் அனுபவத்தை அறிந்தோர் இம்மறுப்பை முற்றாகப் பிழையென்று கூறார். அல்மர் செய்ததுபோல் மண்ணைத் தோண்டிப் புதைத்தலைப் பின்னாளில் ஆட்டத்தின் விதிகளே விலக்கிவிட்டன என்பது இவ்விடத்தில் நினைக்கத்தக்கது.

2004இல் அமெரிக்கப் புவிச்சரிதவியற் கழகத்தின் ஆதரவோடு இன்னொரு வகை தோன்றியது. அதில் பெட்டியே இல்லை. தேடுபவர் குறித்த பாறையையோ அருவியையோ பனிக்கட்டியாற்றின் சுவட்டையோ சென்றடைந்து, படையின் தடிப்பு எவ்வளவு, கல்லின் நிறம் யாது என்பன போன்ற வினாக்களுக்கு நேரிற் பார்த்து விடை எழுதி அனுப்புதல் வேண்டும். பெட்டிகளுக்கு இடந்தராத பூங்காக்கள் சிலவும் முன்னனுமதி பெற்றோர்க்கு இதனை இசைந்தளித்தன.