சென்னை மேற்குப் புறநகரில் சூஷி மீன் வாங்குதல்

சூஷி மீன் என்பது அடுப்பில் ஏற்றாமல் அப்படியே உண்பதற்கென்று பிடித்து, குளிரூட்டி, பெரும்பாலும் உறையவைத்துக் கொண்டுவரப்படும் கடல் மீன். காடி கலந்த சோற்றோடு சேர்ந்தால் சூஷி. மீன் மட்டும் தனியே வந்தால் சஷிமி. பொட்டலங்களில் அச்சாகும் ‘சூஷி கிரேடு’ என்பது விற்பவர் தரும் உறுதிமொழி மட்டுமே. அப்படி ஒரு தரத்தை இந்தியாவின் உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணய ஆணையமும் வரையறுக்கவில்லை. அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகமும் வரையறுக்கவில்லை. ஆகவே மேனாம்பேட்டிலிருந்து பையை எடுத்துக்கொண்டு கிளம்புபவர் கேட்க வேண்டியது மீனின் தரம் என்ன என்பதை அல்ல. படகிலிருந்து கடை வரை அது எப்படி வந்தது என்பதை.

மேனாம்பேடு, அம்பத்தூர் தொழிற்பேட்டையை ஒட்டிய குடியிருப்புப் பகுதி. 2011இல் அம்பத்தூரோடு சேர்ந்து சென்னை மாநகராட்சிக்குள் வந்தது. கடல் இங்கிருந்து ஏறக்குறைய 15 கி.மீ. கிழக்கே இருக்கிறது. தெருமுனைக் கடைகளுக்கும் ஞாயிற்றுக்கிழமைக் கடைகளுக்கும் மீன் வரும் முதன்மையான வழிகள் காசிமேடு மீன்பிடித் துறைமுகமும், பூந்தமல்லி நெடுஞ்சாலையில் உள்ள வானகரம் மொத்த மீன் சந்தையும். சிந்தாதிரிப்பேட்டைச் சந்தை இன்னொரு வழி. இவை அனைத்தும் குழம்புக்கும் வறுவலுக்கும் மீன் விற்கும் இடங்கள். தமிழ்ச் சமையலில் பச்சை மீன் உண்ணும் வழக்கம் இல்லாததால், இந்தச் சந்தைகளின் பழக்கவழக்கங்கள் எல்லாம் மீன் கடைசியில் கொதிக்கப் போகிறது என்ற நம்பிக்கையில் உருவானவை. ஒரே மரக்கட்டையில் இறால், கெளுத்தி, வஞ்சிரம் எல்லாம் வெட்டுப்படும். ஒரே வாளித் தண்ணீரில் கத்தி கழுவப்படும். குழம்புக்கு இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

செவுளும் கண்ணும் சொல்லாதவை

செவுள் சிவப்பாக இருக்க வேண்டும், கண் புடைத்துப் பளபளக்க வேண்டும், விரலால் அழுத்திய பள்ளம் உடனே மேலெழ வேண்டும், கடல் வாசனை தவிர வேறு வாடை கூடாது. சென்னை வீடுகளில் தலைமுறையாகச் சொல்லித் தரப்படும் இந்தச் சோதனைகள் சரியானவையே. ஆனால் இவை கெட்ட மீனை ஒதுக்கத்தான் உதவும். பச்சையாக உண்பவருக்கு வரக்கூடிய மூன்று முக்கிய ஆபத்துகளை இவற்றால் கண்டுபிடிக்க முடியாது.

முதலாவது ஒட்டுண்ணி. அனிசாக்கிஸ் என்ற உருளைப் புழு திமிங்கிலம், ஓங்கில் போன்ற கடல் பாலூட்டிகளின் இரைப்பையில் முதிர்கிறது. அதன் இளம்புழுக்கள் மீனிலும் கணவாயிலும் தங்குகின்றன. மனிதர் வயிற்றுக்குள் போனால் இரைப்பைச் சுவரைத் துளைத்துக் கடும் வலி தரும். 1960இல் நெதர்லாந்தில், லேசாக உப்பிட்ட ஹெர்ரிங் மீனைத் தின்றவர்களிடம் இந்நோய் விவரிக்கப்பட்டது. பிறகு அந்நாடு ஹெர்ரிங்கை உறையவைப்பதைக் கட்டாயமாக்கியது. இந்தியக் கடல் மீன்களிலும் இப்புழுக்களை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். காலையில் பிடித்த மீனிலும் புழு இருக்கலாம். இன்னும் சொன்னால், உயிரோடு இருக்கும்.

இரண்டாவது ஹிஸ்டமின். சூரை, வஞ்சிரம், கானாங்கெளுத்தி போன்றவற்றின் தசையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் மிகுதி. பிடிபட்ட பின் மீன் சில மணி நேரம் வெயிலில் கிடந்தாலே பாக்டீரியாக்கள் அதை ஹிஸ்டமினாக மாற்றத் தொடங்கும். உண்டவருக்கு முகம் சிவக்கும், உடல் தடிக்கும், தலை வலிக்கும். உருவான ஹிஸ்டமின் உறையவைத்தாலும் போகாது, கொதிக்கவைத்தாலும் போகாது. சூரையைக் கரப்பான் என்று ஒதுக்கும் வீடுகள் உண்டு. அந்தப் பயத்தில் ஒரு பகுதியாவது ஐஸ் போடாத படகுகளின் கணக்கில் சேர வேண்டியது என்று தோன்றுகிறது.

மூன்றாவது பாக்டீரியா. விப்ரியோ பாராஹெமோலிட்டிகஸ் என்ற வகை 1950இல் ஜப்பானின் ஒசாகாவில் நேர்ந்த மீன் உணவு நஞ்சேற்றத்தின்போது கண்டறியப்பட்டது. வெதுவெதுப்பான கரையோரக் கடல் அதற்கு உகந்த இடம். வங்கக் கடல் ஆண்டு முழுக்க அப்படித்தான் இருக்கிறது.

இவற்றோடு 2018இல் ஃபார்மலின் என்ற பதன வேதிப்பொருள் பற்றிய பயமும் சேர்ந்தது. கேரளத்தில் ‘ஆபரேஷன் சாகர் ராணி’ சோதனைகளில் ஃபார்மலின் தடவிய மீன் பிடிபட்டது. அந்த அலை சென்னைச் சந்தைகளையும் தொட்டது. கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் ஃபார்மலினையும் அம்மோனியாவையும் கண்டறியும் சோதனைத் தாள்களை அதே ஆண்டில் வெளியிட்டது. சாப்பிடத் தகாத ஐஸ் கட்டியில் நீல நிறம் சேர்க்க வேண்டும் என்ற உத்தரவும் அவ்வாண்டினதே. பச்சை மீன் வாங்குபவர் மீனைப் பார்க்கும் முன் அது கிடக்கும் ஐஸைப் பார்ப்பது நல்லது.

‘ஐஸ் மீன்’

சென்னையில் மீன்காரரைப் பார்த்து “இது ஐஸ் மீனா?” என்று கேட்டால் அது பழைய மீன் என்ற குற்றச்சாட்டு. பச்சையாக உண்பவருக்கோ உறைந்திருப்பதுதான் முதல் தகுதி. அமெரிக்க வழிகாட்டுதலின்படி, ஒட்டுண்ணி சாக மைனஸ் 20 டிகிரியில் 7 நாள் வைக்க வேண்டும். அல்லது மைனஸ் 35 டிகிரியில் கெட்டியாக உறையவைத்து அதே குளிரில் 15 மணி நேரம் வைக்க வேண்டும். வீட்டுக் குளிர்பெட்டியின் ஃப்ரீஸர் மைனஸ் 18ஐ எட்டினாலே பெரிது. கதவைத் திறந்து மூடுவதிலும் மின்வெட்டிலும் அதுவும் நிற்பதில்லை. எனவே நல்ல மீனாக வாங்கி வீட்டில் உறையவைத்துக்கொள்ளலாம் என்ற யோசனை அரைகுறையானது. மெதுவாக உறையும்போது பெரிய பனிப்படிகங்கள் உருவாகித் தசையைக் கிழிக்கும்; உருகியதும் நீர் வடிந்து மீன் தொளதொளத்துப் போகும்.

டோக்கியோவின் தொயோசு சந்தையில் ஏலம் போகும் சூரையிலும் பெரும்பகுதி உறைந்ததுதான். மைனஸ் 60 டிகிரியில் வைக்கப்படும் அந்தக் கட்டைகளில் இந்தியப் பெருங்கடல் மீனும் அடக்கம். ஜப்பானிய ஆயிரங்கால் தூண்டில் கப்பல்கள் இக்கடலுக்கு வரத் தொடங்கியது 1952இல்.

நம் கரையில் குறை மீனில் இல்லை, பிடிக்கும் முறையில் இருக்கிறது. செவுள் வலையில் சிக்கிய சூரை மணிக்கணக்கில் போராடிச் சாகும்; உடல் சூடேறி, தசையில் லாக்டிக் அமிலம் கூடி, இறைச்சி வெளிறிப் புளித்துப் போகும். ஜப்பானிய இகேஜிமே முறையில் மீன் படகேறியதும் மூளையில் குத்தி, இரத்தம் வடித்து, தண்டுவடத்தில் கம்பி செலுத்தி, ஐஸ் கரைசலில் அமிழ்த்துகிறார்கள். குழம்பு விலைக்கு விற்கும் படகில் இதற்கு நேரமும் இல்லை, கூலியும் இல்லை. தூண்டிலில் சூரை பிடிப்பதில் பெயர்பெற்ற கன்னியாகுமரி மாவட்டத் தூத்தூர் மீனவர்களின் மீன்பாடும் பெருமளவு கொச்சியில்தான் இறங்குகிறது. பாக் நீரிணை இழுவலைப் படகுகளுக்கு மாற்றாகச் சூரை பிடிக்கும் ஆழ்கடல் படகுகள் தரும் திட்டம் 2017இல் தொடங்கியது. காசிமேட்டுக்கு வடக்கே திருவொற்றியூர்க் குப்பத்தில் சூரைக்கென்றே ஒரு மீன்பிடித் துறைமுகம் 2025இல் திறக்கப்பட்டது. இவற்றின் பலன் புறநகர்க் கடையின் தட்டுக்கு வரும்வரை, தெருமுனைச் சூரையைப் பச்சையாக உண்ணாமல் இருப்பதே பொருத்தம்.

எதை வாங்கலாம்

நம்பத்தக்க முதல் தேர்வு இறக்குமதியாகும் பண்ணைச் சால்மன். தீவனத் துகள் தின்று வளர்வதால் அதில் ஒட்டுண்ணி அரிது. ஜப்பானியர்களே சால்மனைப் பச்சையாக உண்ணப் பழகியது 1980களில் நார்வே அங்கே நடத்திய விற்பனை முயற்சிக்குப் பிறகுதான். பொட்டலத்தில் இறக்குமதியாளர் முகவரி, உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண், உறையவைத்த தேதி ஆகியவை இருக்க வேண்டும். உள்ளே பனித்தூள் அடர்ந்து, மீன் வளைந்து ஒட்டியிருந்தால் அது ஒருமுறை உருகி மறுபடி உறைந்தது, தொட வேண்டாம்.

‘இந்தியன் சால்மன்’ என்ற பெயரில் விற்கப்படுவது காலா மீன். வறுவலுக்கு அருமையான மீன். சால்மனுக்கு உறவே அல்ல. இந்தக் குழப்பத்தில் கடைக்காரர் எப்போதும் குற்றவாளி அல்ல, பெயரே அப்படி ஊன்றிவிட்டது.

உள்ளூர் மீனில் கவனிக்கத் தக்கவை இரண்டு. கொடுவா மீனின் குஞ்சு உற்பத்தியில் சென்னையின் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம் 1997இல் வெற்றி கண்டது. கடல் விராலை 2010இல் மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் இனப்பெருக்கம் செய்தது. துகள் தீவனத்தில் வளர்த்து, முறையாக உறையவைத்துத் தந்தால் இரண்டும் சஷிமிக்கு ஏற்றவை. கணவாய் உறைவதால் கெடுவதில்லை, இளகித்தான் போகிறது. சூஷியில் வரும் இறால் வழக்கமாக வேகவைத்ததே. அதற்குச் சாதாரணச் சந்தை இறால் போதும். உறைந்த சூரை வாங்கினால் நிறத்தை நம்பக்கூடாது: கார்பன் மோனாக்சைடு ஏற்றிய சூரை பழையதானாலும் செக்கச்செவேல் என்றிருக்கும்.

அம்பத்தூர், புழல், செம்பரம்பாக்கம் என ஏரிகள் சூழ்ந்த வட்டாரம் இது. உயிரோடு துள்ளும் விரால், ஜிலேபி, கட்லா எளிதில் கிடைக்கும். நன்னீர் மீன் எதையும் பச்சையாக உண்ணக் கூடாது. வடகிழக்குத் தாய்லாந்தில் பச்சை ஆற்று மீன் உண்ணும் வழக்கத்தால் பரவும் கல்லீரல் தட்டைப்புழு, பித்தநாளப் புற்றுநோய் வரை கொண்டுபோகிறது.

மாதமும் முக்கியம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்குத் தடை. அந்த 61 நாளில் ஃபைபர் படகு மீன் கொஞ்சம் வரும். மற்றவை பெரும்பாலும் மேற்குக் கரையிலிருந்து 600 கி.மீ.க்கு மேல் லாரியில் வந்தவை.

வாங்கியதை ஐஸ் நிரப்பிய தெர்மோகோல் பெட்டியில் எடுத்துவந்து, குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் இரவு முழுக்க உருகவிட்டு, தனிப் பலகையில் வெட்டி, அன்றே உண்ண வேண்டும். கர்ப்பிணிகள், சிறு குழந்தைகள், முதியோர், கல்லீரல் நோயாளிகள் ஆகியோருக்கு எந்தக் கடையின் எந்தப் பச்சை மீனும் ஆகாது.