துளை சொன்ன வருடம்

பார்த்தவுடன் சாக்பீஸ் துண்டு என்றுதான் தோன்றும். வெள்ளையாக, விரல் நீளத்தில், உள்ளே நெடுக ஒரு துளையோடு இருக்கும். அது புகைபிடிக்கும் சுங்கான் ஒன்றின் உடைந்த தண்டு. 1607-இல் ஆங்கிலேயர் குடியேறிய அமெரிக்காவின் ஜேம்ஸ்டவுனில் மண்ணைத் தோண்டினால் இந்தத் துண்டுகள் கூடை கூடையாக வரும்.

களிமண் சுங்கான் மலிவு. கை தவறினால் உடையும். உடைந்ததை யாரும் ஒட்டவைக்க மாட்டார்கள், வெளியே வீசிவிட்டுப் புதிது வாங்குவார்கள். அதன் அருமையே இதில்தான் இருக்கிறது. காசும் வெள்ளிக் கரண்டியும் பேரன் காலம்வரை புழங்கும். அவற்றை மட்டும் நம்பி, அவை கிடைத்த மண்ணடுக்குக்கு வயது சொல்ல முடியாது. சுங்கானோ, செய்த சில ஆண்டுகளுக்குள் குப்பைக்குப் போய்விடும்.

செய்த ஆண்டை எப்படிக் கண்டுபிடிப்பது? புகையிலை திணிக்கும் கிண்ணம் கிடைத்தால் அதன் வடிவம் ஓரளவு காலம் காட்டும். சிலவற்றில் செய்தவரின் முதலெழுத்துகள் பதிந்திருக்கும். இங்கிலாந்தின் பழைய பதிவேடுகளில் ஆளைத் தேடிப் பிடிக்கலாம். வெறும் தண்டில் எழுத்தும் இல்லை, வடிவமும் இல்லை.

1936-இல் ஜேம்ஸ்டவுனில் அகழாய்வுக்கு வந்த ஜே. சி. ஹாரிங்டன் கட்டடக்கலை படித்தவர். பழைய தண்டுகளில் துளை பெரிதாகவும், பிந்தியவற்றில் சிறிதாகவும் இருப்பதை அவர் கவனித்தார். துளையை அளக்க அவர் எடுத்தது தச்சுப் பட்டறையில் கிடக்கும் டிரில் பிட்டுகளை. 1/64 அங்குலம் வித்தியாசத்தில் ஒவ்வொன்றாக நுழைத்துப் பார்ப்பார். எது கச்சிதமாகப் பொருந்துகிறதோ அதுவே அளவு. காலம் தெரிந்த முந்நூறுக்கும் மேற்பட்ட சுங்கான்களை அளந்து 1954-இல் முடிவை வெளியிட்டார். 1620–1650 காலத்துத் தண்டுகளில் பெரும்பாலும் 8/64, 1680–1710-இல் 6/64, 1750–1800-இல் 4/64.

துளை ஏன் சுருங்கியது? ஈரக் களிமண் தண்டுக்குள் எண்ணெய் தடவிய கம்பியைச் செலுத்தித்தான் துளை போடுவார்கள். காலப்போக்கில் தண்டு நீண்டது. நீண்ட தண்டுக்கு மெல்லிய கம்பி வேண்டியிருந்தது என்பது வழக்கமாகச் சொல்லும் காரணம்.

சில ஆண்டுகளில் தொல்லியலாளர் லூயிஸ் பின்ஃபோர்டு இதை ஒரே கணக்காக்கினார்: துளைகளின் சராசரியை (1/64 அங்குலக் கணக்கில்) 38.26-ஆல் பெருக்கி, 1931.85-இலிருந்து கழிக்க வேண்டும். சராசரி 5 என்றால் 1740-ஐ ஒட்டிய காலம். 1780-க்குப் பிறகு இந்தக் கணக்கு பிசகிவிடும். ஒற்றைத் தண்டை வைத்தும் ஒன்றும் சொல்ல முடியாது. நிறையத் தண்டுகள் சேர்ந்தால்தான் சராசரிக்குப் பொருள். அதனால்தான் சல்லடையில் தங்கும் சுண்டுவிரல் நகமளவுத் துண்டைக்கூட விடாமல் பொறுக்கி, எந்த அடுக்கில் கிடைத்தது என்று எழுதிய பையில் போட்டுவைக்கிறார்கள்.